ஊசி அக்காவின் இடது கால்

என் அக்காவுக்கு ஊசி என்று பெயர் வைத்தவர்கள் சந்தைக்காரர்கள். வேலை செய்யும்போது உதட்டோரம் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே இருப்பாள். அப்படியே பேசுவாள், அப்படியே சிரிப்பாள். திட்டுவதற்கு மட்டும் எடுத்து மேஜையில் வைப்பாள். ஊசி மேஜைக்கு வந்துவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்.

சந்தையின் பின்வாசலில், செருப்புக் கடைக்கும் கைப்பேசி பழுது பார்க்கிற கடைக்கும் நடுவில் அவள் இடம். ஒரு மோட்டார் தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் வைத்தால் நிறைந்துவிடும். புதுத்துணி தைக்க மாட்டாள். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, தொப்பை போட்டவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவது, இவ்வளவுதான். அளவெடுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுக்கிற ஆண்களிடம், "விடுங்க சார், நான் ஒண்ணும் பொண்ணு பாக்க வரல" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே விடுவார்கள். டேப்பில் இரண்டு அங்குலம் கூடும்.

அவள் பிறந்தபோது ஆண் பிள்ளை என்றார்கள். நானும் விவரம் தெரிகிறவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். ஒரு நாள் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் போனவள் வெளியே வருகிற வழியாக இல்லை. "கதவைத் திற அக்கா, நான் குளிக்கணும்" என்று கத்தினேன். யோசித்துச் சொன்னது இல்லை, வாயில் அப்படி வந்தது. கதவு திறந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றாள். அன்றிலிருந்து அக்காதான்.

அப்பாவுக்கு அவள் இன்றும் 'பெரியவன்'. ஆனால் பேண்ட் இறுக்கமாகிவிட்டால் பெரியவனிடம் கொடுத்து விடு என்று பையில் போட்டு என்னிடம் அனுப்புவார். திரும்பி வந்தால் வாயைத் திறக்காமல் போட்டுக்கொள்வார். வாய்தான் பிடிவாதம் பிடித்தது, இடுப்பு எப்போதோ சமாதானம் ஆகிவிட்டது.

அம்மா இறந்த பிறகு அப்பா பழைய வீட்டிலேயே இருக்கிறார், அக்காவும் நானும் தனியாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் பேக்கரியில் ரொட்டிப் பொட்டலம் கட்டுகிறேன். வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போய் நிற்பதற்கு ஒரு பால்கனி.

பெரியாஸ்பத்திரி மாடியில் வாரத்தில் ஒரு நாள் திருநங்கைகளுக்கென்று ஒரு கிளினிக் நடந்தது. ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், ஹார்மோன் ஊசி போடுவார்கள், அளவு கூடினால் குறைப்பார்கள். அந்த நாள் அக்கா கடையைத் திறக்க மாட்டாள். ஊசி போட்டுக்கொள்ள அரை நிமிடம், பெஞ்சில் உட்கார்ந்து தோழிகளோடு ஊர்க்கதை பேச அரை நாள். திரும்பி வரும்போது முகம் கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

அந்த மாடி ஒன்றுதான் அவளுக்கு ஆஸ்பத்திரி. மற்ற இடமெல்லாம் அவளுக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை மெஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி உள்ளேயே ஒடிந்துவிட்டது. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னாள். அவ்வளவுதான், அந்த டாக்டர் விரலை மறந்துவிட்டார். எப்போதிலிருந்து, ஆபரேஷன் ஆயிற்றா, எங்கே செய்தது, எப்படி இருக்கிறது. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் பின்னால் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். திரையை இழுத்து மூடினார்கள், எல்லாரும் உள்ளே இருந்துகொண்டு. ஊசி விரலில், கேள்வியெல்லாம் இடுப்புக்குக் கீழே. அக்கா ரத்தம் சொட்டுகிற விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஊசியை எடுத்துவிட்டவர் கட்டுப் போடுகிற ஊழியர்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு சட்டம் போட்டாள். "இனிமே விரல்னா விரல் மட்டும். தொண்டைன்னா தொண்டை மட்டும். நான் எடுத்துக்கிற ஹார்மோனைப் பத்தி எவன் கேட்டாலும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு." நான் பண்ணினேன். அவள் தோழிகள் எல்லாரிடமும் இந்தச் சட்டம் உண்டு என்று பிறகு தெரிந்தது. பல் வலி என்று போனாலும் பல்லை மட்டும் காட்டுவார்கள்.

அப்புறம் ஊரெங்கும் தொற்று வந்தது. சந்தையை மூடினார்கள். கிளினிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: அவசரமில்லாத சிகிச்சைகள் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுகின்றன. அக்கா அந்தக் கதவு முன்னால் நின்று ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். "அவசரமில்லாத. யாருக்கு?" என்றாள். பதில் சொல்ல அங்கே காவலாளிகூட இல்லை. கொஞ்ச நாளில் அந்த மாடியே காய்ச்சல் பிரிவு ஆகிவிட்டது.

ஹார்மோன் நின்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் பேக்கரியிலேயே ஒருத்தி கேட்டாள். வீட்டுக்கு வந்து பார் என்று சொல்ல நினைத்தேன். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், மின்விசிறிக்குக் கீழே வேர்த்து ஊற்றும். தூக்கம் போச்சு. சும்மா இருக்கும்போதே அழுகை வரும். முகத்தில் முடி முளைக்கத் தொடங்கியது. அதை எடுத்துவிடுகிற அழகு நிலையமும் மூடிக் கிடந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள். வேறு யாரோ வீட்டுக்குள் குடி வருவது மாதிரி இருக்கிறது என்றாள் என்னிடம்.  டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம் முகக்கவசம். பாதி முகத்தை மூடிக்கொண்டு தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பால் வாங்குகிற வரிசையில் ஒருவர், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். "ஊரே தொற்றுக்குப் பயந்து கிடக்கு, நீ மட்டும்தான் பால் பாக்கெட் வாங்க ஜோடிச்சுக்கிட்டுப் போற" என்று கிண்டல் செய்தேன். தேவையில்லாத பாலுக்கும் போய் வந்தாள்.

அவள் தோழிகளில் நெட்டை என்று ஒருத்தி. பெயருக்கேற்ற உயரம், சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் இருக்கிறாள். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கிற கருத்தடை மாத்திரையிலும் பெண் ஹார்மோன்தானே இருக்கிறது. கிளினிக் திறக்கிறவரை அதை வைத்துச் சமாளிக்கலாம்.

"அது கர்ப்பம் ஆகாம இருக்கிறதுக்கு" என்றேன்.

"அந்த விஷயத்துல நாங்க ரொம்ப பாதுகாப்பானவங்கடி" என்றாள் நெட்டை. அறையே அதிர மூன்று பேரும் சிரித்தோம்.

பெண்கள் ஒன்று போடுகிற மாத்திரையை இவர்கள் அள்ளிப் போட்டார்கள். ஒன்று பத்தாது என்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை போதும் என்று ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய கிளினிக்காரர்கள் போனை எடுக்கவில்லை. ஆளுக்கு ஆள் தனக்குத் தோன்றியதைச் சொன்னாள், ஒருத்திக்குச் சரிப்பட்டது இன்னொருத்திக்கும் சரிப்படும் என்று நம்பினாள். அக்காவின் முகம் தெளிந்தது. தூங்கினாள். கண்ணாடி மறுபடியும் நேராகத் திரும்பியது. மாத்திரை வேலை செய்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

சந்தை மூடியிருந்தாலும் வேலை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற கவச உடுப்பு தைக்க ஒரு கான்ட்ராக்டர் ஆள் தேடினார். அக்கா மெஷினை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். மோட்டார் மெஷினுக்கு ஒரு கால் போதும். வலது கால் மிதியில் இருக்கும், இடது கால் ஸ்டூலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும்.

வீங்கியது அந்த இடது கால். ஆடுசதையைத் தொட்டால் சுள்ளென்று வலிக்கிறது என்றாள். சூடாக வேறு இருந்தது.

"உழைக்கிற கால் கம்முனு இருக்கு, சும்மா கிடக்கிற கால் சோறு கேக்குது பாரு" என்று அதைத் தட்டிக் காட்டினாள். நான் எண்ணெய் தேய்த்து விட்டேன். தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னேன். பேக்கரியில் நின்று நின்று எனக்கும்தான் கால் வீங்குகிறது. ஆனால் எனக்கு இரண்டும் வீங்கும். ஒற்றைக் கால் மட்டும் வீங்குவது வேறு சமாசாரம் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஒரு வாரம் போனது. மாடிப்படி ஏறி வந்தவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. பேச முடியவில்லை. நெஞ்சில் குத்துகிறது என்று கையால் காட்டினாள். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. ஆனால் அந்த நாட்களில் மூச்சு வாங்கினால் யார் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். ஆம்புலன்ஸ்காரர்களும் அதைத்தான் நினைத்தார்கள்.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள். "மாத்திரை விஷயம். வாயைத் திறக்காதே. மூச்சுன்னா மூச்சு மட்டும்."

"சரிக்கா" என்றேன்.

பெரியாஸ்பத்திரி வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். கூட வருபவர்களுக்கு உள்ளே இடமில்லை. அவள் அடையாள அட்டையில் பெண் என்று இருக்கிறது. அதை மாற்றுவதற்குள் அவளுக்குச் செருப்பு தேய்ந்தது தனிக்கதை. அட்டையைப் பார்த்தார்கள், முகத்தில் கவசம், தலையில் கொண்டை, பெண்கள் காய்ச்சல் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எந்தக் கேள்வியும் இல்லை.

ஆக்சிஜன் வைத்தபின் கொஞ்சம் பேச முடிந்தது. போன் செய்தாள். நான் வாசலுக்கு எதிரே, மூடிக் கிடந்த கடையின் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஜன்னலோரமா படுக்கை குடுத்திருக்காங்க. நர்ஸ் என்னை அம்மான்னு கூப்பிடுறா. அவ போட்டிருக்கிற கவச உடுப்புல அக்குள்கிட்ட தையல் விட்டுருக்கு. நான் தைச்சது இல்ல, சொல்லிட்டேன்."

"மூச்சு எப்படி இருக்கு?"

"அது கிடக்கு. பக்கத்துப் படுக்கைல ஒரு அம்மா, ஸ்கூல் வேன் ஓட்டுறவங்களாம். எனக்குத் தலை பின்னி விட்டாங்கடி." அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இது வரைக்கும் எனக்கு யாரும் தலை பின்னி விட்டதே இல்ல."

 நானும் பின்னிவிட்டதில்லை. எனக்கு அது தோன்றியதே இல்லை.

மறுநாளும் மூச்சுத் திணறல் குறையவில்லை. அதிகமாகத்தான் ஆனது. தொற்றுப் பரிசோதனை முடிவு வரவில்லை, வராவிட்டாலும் மருந்து அதற்குத்தான் ஓடியது. நெட்டைக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காலு கீலு வீங்குச்சா?"

"இடது கால். ஏன்?"

அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். அவர்களில் இன்னொருத்தி, வேறு ஊரில் இருப்பவள், இதே மாத்திரை, இதே மாதிரி கால் வீக்கம், பிறகு மூச்சு. தொற்று என்று சொல்லித்தான் புதைத்தார்களாம். காலில் ரத்தம் கட்டி அது நெஞ்சுக்குப் போயிருக்கலாம் என்று பிற்பாடு யாரோ ஒரு டாக்டர் சொன்னாராம். "நேத்துதான்டி எனக்கே தெரியும். நான் மாத்திரையைத் தூக்கிக் குப்பைல போட்டுட்டேன். ஊசிகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். சொல்லிடு. உடனே டாக்டர்கிட்ட சொல்லிடு."

முதலில் அக்காவைக் கூப்பிட்டேன். நெட்டை சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நீயே டாக்டரிடம் சொல் என்று கெஞ்சினேன்.

"டாக்டர் பக்கத்துல வர்றதில்ல. கதவுகிட்ட நின்னு கேப்பாங்க. நாங்க இங்கேருந்து கத்தணும்" என்றாள். "வார்டு முழுக்க கேக்கும்."

"கேக்கட்டும்."

"உனக்கென்ன, கேக்கட்டும்னு சொல்லுவே." ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் காத்திருக்க வேண்டியிருந்தது. "இங்க நான் ஒரு பொம்பளை. அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் கேக்கல. ரெண்டு நாள் இப்படியே இருந்துட்டு வர்றேனே."

"ரெண்டு நாள் கழிச்சு வருவியா?"

போனை வைத்துவிட்டாள்.

சத்தியம் செய்தவள் நான். ஆனால் அவளுக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றி அவளைச் சாகக் கொடுத்துவிட்டு வருவதற்கு எனக்கு மனமில்லை. மதியம் டாக்டர் ஒருவர் வாசல் அறையில் இருந்து உறவுக்காரர்களுக்குப் போனில் நிலவரம் சொல்வார். முறை வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக், மாத்திரை, கால். அந்த டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். "நல்லவேளை சொன்னீங்க" என்றார்.

"டாக்டர், அவகிட்ட பக்கத்துல போய் மெதுவா கேளுங்க. மத்தவங்க முன்னாடி வேணாம்."

"சரிம்மா" என்றார். பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உடுப்புக்குள் வியர்வையில் குளித்துக்கொண்டு, காது மூடி, வாய் மூடி, ஒரு நாளில் எத்தனையோ வார்டு பார்க்கிறவருக்கு மெதுவாக என்பதற்கு எங்கே இடம்?

அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று மறுபடி கூப்பிட்டேன். எடுத்தாள். நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கம், வார்டின் மறுகோடியில் இருந்து, முகமூடிக்குள் அமுங்கிய ஒரு குரல் கத்தியது.

"ஜன்னலோரப் படுக்கை. உங்க தங்கச்சி சொன்னாங்க, நீங்க பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுற திருநங்கையாமே. எத்தனை மாத்திரை சாப்பிட்டீங்க? எவ்வளவு நாளா?"

அக்கா போனை வைக்கவில்லை. ஆக்சிஜன் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். பிறகு அந்த இருமலும் நின்றது.

"ஆமா" என்றாள் அக்கா.

"கேக்கலம்மா. சத்தமா சொல்லுங்க."

மூச்சுக்குத் தவிக்கிறவளை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்னாள். "ஆமா. சாப்பிடுறேன். தினமும் ஆறு. சில நாள் எட்டு."

"காலு வீங்கியிருக்கா?"

"இடது கால்."

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க மூச்சைப் பத்தித்தான் கேட்டீங்க" என்றாள். பிறகு போன் அணைந்தது.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். காலில் கட்டிய ரத்தம் துண்டு துண்டாகக் கிளம்பி நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. தொற்று இல்லவே இல்லை. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட ஆரம்பித்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா போனில் தொடங்கினார், முடிக்கவில்லை. நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அங்கே அழுவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

வார்டில் நடந்ததை நெட்டைதான் எனக்குச் சொன்னாள். அக்கா என் போனை எடுக்கவில்லை, நெட்டையினுடையதை எடுத்தாள். தலை பின்னிவிட்ட வேன்காரம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தவர் திரும்பவே இல்லையாம். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸைக் கூப்பிட்டுத் தன் படுக்கையை மாற்றச் சொன்னாராம். கோடியில் இருந்த ஒரு கிழவி மட்டும், "ஏன்மா, நோவுல கிடக்கிறவளைப் போய்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தாளாம். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று யாரோ யாரையோ கேட்டார்கள். முடிவு தெரியவில்லை. இரண்டு வார்டுகளுக்கும் நடுவில் இருந்த நடைபாதையில் கட்டிலைப் போட்டார்கள். அக்கா அங்கேயே பிழைத்தாள். பின்னலை அவிழ்க்கவில்லை என்றாள் நெட்டை. அதைக் கேட்டபோது அந்த வேன்காரம்மா மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இன்றும் பள்ளி வேன் எதையாவது பார்த்தால் ஓட்டுபவரை உற்றுப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்தவள் என்னிடம் பேசவில்லை. ஊசி மருந்து போய் மாத்திரை வந்திருந்தது, ரத்தம் கட்டாமல் இருக்க. இடது காலுக்கு இறுக்கமான ஒரு காலுறை கொடுத்திருந்தார்கள். அவள் குனிந்தால் மூச்சு வாங்கும், ஆகவே தினமும் காலையில் நான்தான் மாட்ட வேண்டும். அதை மாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. தரையில் உட்கார்ந்து, குதிகாலைப் பிடித்து, இழுத்து, சுருக்கம் விழுந்தால் மறுபடி கழற்றி, எனக்கு வியர்த்துவிடும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு காலை மட்டும் நீட்டுவாள். கால் என்னிடம், கோபம் அவளிடம். பால்கனிக்குப் போய் நிற்பதற்குக்கூட முடியாமல் ஒரே அறையில் இருந்து கோபித்துக்கொண்டோம்.

கருத்தடை மாத்திரையை இனித் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தோலில் ஒட்டுகிற ஹார்மோன் பட்டை ஒன்று உண்டு, அதில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் அதைக் கொடுக்கலாமா, எப்போது, எவ்வளவு என்று கிளினிக்தான் சொல்ல வேண்டும். கிளினிக் மூடிக் கிடந்தது. ஆகவே உயிர் வந்தது, முகத்தில் முடியும் வந்தது. கண்ணாடி திரும்பவும் சுவரைப் பார்த்தது. அதையும் நான் தினமும் பார்த்தேன். நான் செய்ததில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் அந்தக் கண்ணாடியின் முதுகைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு நாள் காலுறையை மாட்டி முடித்து எழுந்தபோது, பழைய பேண்ட் ஒன்றுக்கு மடிப்புக் குத்திக்கொண்டிருந்தவள் உதட்டில் இருந்து ஊசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. திட்டப் போகிறாள்.

"நீ சொல்லலைன்னா செத்திருப்பேன். அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே" என்றாள். "ஆனா என் வாயில இருந்து வர வேண்டியதை நீ போன்ல சொன்னே. அந்தம்மா கதவுல நின்னு கத்துனாங்க. கடைசில நான் ஆமா போட்டேன். பொறந்ததுல இருந்து இதே கதைதான்டி. நான் யாருன்னு எல்லாரும் சொல்லி முடிச்ச பிறகு, ஆமாவா இல்லையான்னு என்னைக் கேப்பாங்க."

"நான் சொல்லாம இருந்திருந்தா நீயா சொல்லியிருப்பியா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? உயிரோட இருக்கேன், கோவம் வருது. வரக் கூடாதா?"

"வரட்டும். நல்லா வரட்டும்."

"அடுத்த தடவை நானே சொல்றேன். நீ குறுக்க வரக்கூடாது."

"சரிக்கா."

"நான் சொல்லாம இழுத்தாலும் வரக்கூடாது."

அதற்கு மட்டும் நான் சரி சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஊசிகளை எடுத்துத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுபரிசோதனைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அறைக்குள் காற்று போதாது என்று பெரிய கூடத்தில் மேஜைகளைப் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றிலும் ஒருவர், எல்லாரும் வேறு வேலையில்லாமல் அடுத்தவர் நோயைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேஜையில் அதே டாக்டரம்மா. கவச உடுப்பு இல்லை, முகக்கவசம் மட்டும். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அக்காவை அவருக்கும் நினைவிருந்தது. சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார், முன்னால் குனிந்தார், அந்த வார்டில் கேட்டிருக்க வேண்டிய குரலில் இப்போது கேட்டார்.

"அந்த மாத்திரை... இப்போ எதுவும் எடுத்துக்கிறீங்களாம்மா?"

அக்கா குனியவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். சந்தையில் பின்வாசலில் இருந்து முன்வாசலுக்குக் கேட்கிற குரல் ஒன்று அவளுக்கு உண்டு. அதில் சொன்னாள்.

"நான் திருநங்கை டாக்டர். இடது கால்ல ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போனவ. கருத்தடை மாத்திரையை நிறுத்திட்டேன். ஹார்மோன் இல்லாம இருக்கேன், கஷ்டமா இருக்கு. எங்களுக்கு இது அவசரம். மேல இருந்த கிளினிக்கை எப்போ திறப்பீங்க?"

கூடத்தில் தலைகள் திரும்பின. ஒருவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என் நாக்கு நுனிவரை ஏதேதோ வந்தது. கடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலம்மா. விசாரிச்சுச் சொல்றேன், நீங்க போய்ட்டு..."

"விசாரிங்க" என்றாள் அக்கா. காலுறை போட்ட காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டாள். "நான் இங்கதான் இருக்கேன்."

டாக்டரம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த போனை எடுத்தார்.